வட்டம் என்றால் சரி

துறைமுகம் அடைப்பு என்று
மூன்றாம் நாளாகச் சொல்கிறது வானொலி.
புன்டா அரேனாசுக்குத் தெற்கே,
பெயர் வைக்க எவரும் மெனக்கெடாத ஒரு குடாவில்
எங்கள் நண்டுப் படகு.
கூடுகள் கடலடியில், நாங்கள் நால்வர் தளத்தடியில்.

தீர்வையில்லாச் சந்தையில் யெர்கோ வாங்கியது அந்தக் கைக்கருவி.
திரையின் வலது ஓரத்தில் விரிசல்,
முதுகில் யாரோ ஒட்டிய பூனை,
வயிற்றில் ஒரே ஒரு ஜப்பானியச் சண்டை விளையாட்டு.
ஓர் எழுத்தும் தெரியாது எங்களுக்கு.

உள்ளே இருபத்தாறு பேர்.
ஒருவர் கதையில் இன்னொருவர்
கால் வைத்திருக்கவே முடியாதவர்கள்:
வாளேந்திய துறவி,
இயந்திரத்துக்குள் உட்கார்ந்து அழும் பையன்,
குடையால் அடிக்கிற பள்ளிக்கூடத்துப் பெண்,
அகப்பையோடு வரும் நூடுல்ஸ் கடைக்காரன்.
எல்லோரும் ஒரே மொட்டைமாடியில்.
என்ன பகையோ,
அடிப்பதற்கு முன் நீளநீளமாய்ப் பேசிக்கொள்கிறார்கள்.

வில்னர்தான் மொழிபெயர்ப்பான்:
"வாங்கின சிகரெட்டைத் திருப்பிக் கொடு என்கிறார் துறவி.
ஞாயிற்றுக்கிழமை என்றேனே என்கிறாள் குடைக்காரி."
ஹைத்தியிலிருந்து வந்தவன்.
எங்கள் ஸ்பானிஷையும் அப்படித்தான் கற்றான்,
வாயைப் பார்த்துக் கடனை ஊகித்து.

தோற்றவன் கருவியைக் கைமாற்ற வேண்டும்,
உருளைக்கிழங்கு உரிக்க வேண்டும்.
கீழ், முன், சதுரம்: தீ வரும்.
பின், பின், முக்கோணம்: ஒன்றும் வராது,
வரும் என்று சத்தியம் செய்கிறார் நிபால்டோ.
முப்பது வருடம் கயிறு இழுத்த கட்டைவிரல்,
இரண்டு பொத்தான்களை ஒன்றாய் அமுக்கிவிடும்.
அதனாலேயே ஜெயிப்பார்.

நாங்கள் ஆடியதெல்லாம் வேறொருவர் கணக்கில்.
முந்நூற்றுப் பன்னிரண்டு மணி நேரம் ஆடி
அத்தனை பேரையும் திறந்து வைத்தவர்,
நூடுல்ஸ்காரனுக்கு மட்டும் பொன்னிறச் சட்டை வாங்கித் தந்தவர்.
பெயர் நான்கு எழுத்து.
வாடகை கேட்காத வீட்டுக்காரர் என்பான் யெர்கோ.

மூன்றாம் இரவு, கிழங்கு தீர்ந்த பிறகு, என் முறை.
எந்தப் பட்டியலுக்குள் போனேனோ,
சிவப்புச் சட்டத்தில் ஒரு கேள்வி.
கீழே இரண்டு பதில்கள்,
ஒன்று இரண்டெழுத்து, மற்றது மூன்றெழுத்து.
எந்த மொழியிலும் நல்ல சேதி சிவப்பில் வராது.
வந்த வழியே திரும்ப நினைத்து
வட்டத்தை அழுத்தினேன்.

எங்கள் ஊர்க் கருவிகளில் வட்டம் என்றால் வேண்டாம்.
அந்த ஊரில் வட்டம் என்றால் சரி.
மூன்று நாளாய் எனக்கும் தெரியும்.
விரலுக்குத்தான் தெரியவில்லை.

முந்நூற்றுப் பன்னிரண்டு மணி
போக நான்கு நொடி.

யாரும் திட்டவில்லை, அதுதான் தாங்கவில்லை.
ஜெனரேட்டர் இருமியது.
நிபால்டோ தொப்பியைக் கழற்றினார்,
எதற்குக் கழற்றினோம் என்று யோசித்து
மறுபடி மாட்டிக்கொண்டார்.

திரை புதுப் பெயர் கேட்டது.
நண்டுக் கூடு அடுக்கினாற்போல் வரிசைவரிசையாய் எழுத்துகள்.
என் பெயரைப் போட எனக்கு வாயில்லை.
வில்னர் கண்ணை மூடிக்கொண்டான்:
"முதலில் ஒரு பெட்டி, இடப்பக்கச் சுவர் கிடையாது.
அப்புறம் மழை மாதிரி ரெண்டு கோடு.
அப்புறம் படுத்துக் கிடக்கிற ஒரு கோடு."
நான்காவது?
"அது எப்பவும் விரிசலுக்கு அடியில்தானே இருந்தது."

தேடித் தேடி மூன்றைப் பொறுக்கினோம்.
நான்காவதாக,
கோணல் வாயால் சிரிப்பதுபோல் இருந்த ஒன்றை
யெர்கோ வைத்தான்.
அது என்ன பெயரோ.
வசைச்சொல்லாகவும் இருக்கலாம்.

இப்போது எட்டே பேர்.
நூடுல்ஸ்காரன் கறுப்பு நிழலாய்,
முகத்தில் ஒரு கேள்விக்குறி.

விடியும் முன் காற்று விழுந்தது.
நிபால்டோ மேலே போய் நங்கூரத்தைத் தட்டினார்.
ஈரக் கையுறைக்குள் ஒவ்வொரு விரலாய் நுழைத்தபடி
வில்னர் என்னைப் பார்த்தான்:
"கால் மணி நேரம் கட்டிவிட்டாய்.
பாக்கி
முந்நூற்றுப் பதினொன்றே முக்கால்."